சாவு வீட்டில் ஒரு குளோசப்

போனை மேஜைமேல் வைத்து, திருப்பி, அவன் பக்கமாகத் தள்ளினாள் சோஃபியா.

"இது யாரு அண்ணா?"

ஃபிரெட்ரிக் பார்த்தான். திரையில் ஒரு பெண்ணின் முகம். தாடைக்குக் கீழேயிருந்து ஏறும் வெள்ளை வெளிச்சம். கண்களுக்கு மேலே நிழல். மூக்குக்கு இரண்டு பக்கமும் கத்தியால் கீறியதுபோல் கோடு. வாய் பாதி திறந்திருந்தது. பார்வை மணிக்கட்டில். எதையோ செய்து முடித்துவிட்டு, எல்லோரும் எப்போது கிளம்புவார்கள் என்று காத்திருப்பவள் மாதிரி இருந்தாள்.

"நீதான்," என்றான்.

"எங்க வீட்டுக் கண்ணாடியில இந்தப் பொம்பளைய நான் ஒரு நாளும் பாத்ததில்ல."

கோபமாகச் சொல்லவில்லை. கோபப்படுவதற்கும் கொஞ்சம் தெம்பு வேண்டும். மாடிப்படி ஏறி வந்ததிலேயே அது தீர்ந்துபோயிருந்தது. பிளாஸ்டிக் நாற்காலியை இழுத்து உட்கார்ந்து, கைப்பையை மடியில் வைத்துக்கொண்டாள்.

கச்சேரி ரோட்டில் ஜெராக்ஸ் கடைக்கு மேலே ஒற்றை அறை. அதுதான் ஃபிரெட்ரிக்கின் ஸ்டூடியோ. கல்யாணம், சர்ச்சில் பிள்ளைகளின் புதுநன்மை, மஞ்சள் நீராட்டு எல்லாம் எடுப்பான். ஊரடங்குக் காலத்துக்குப் பிறகு இன்னொன்றும் சேர்ந்துகொண்டது. சாவு. சர்ச் பங்கில் எந்த வீட்டை எடுத்தாலும் ஒரு பிள்ளையாவது கடல் தாண்டி இருக்கிறது. அடக்கத்துக்கு வர முடியாதவர்கள் லிங்க்கில் வருவார்கள். டொராண்டோவிலும் தோஹாவிலும் உட்கார்ந்து அழுவார்கள். அவர்களுக்காகச் சாவு வீட்டை நேரடியாகக் காட்டுவது ஃபிரெட்ரிக்கின் வேலை.

போன மாதம் கோட்டூர்புரம் அடுக்குமாடியில் ராஜநாயகம் சார் இறந்தபோதும் அவன்தான் காட்டினான். ரிட்டயரான தலைமையாசிரியர். சோஃபியா அவர் மகள், கோபாலபுரத்தில் ஒரு சின்னப் பள்ளியில் டீச்சர். ஒரே தம்பி மரியசெல்வம் மெல்போர்னில். அப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது பறந்து வந்தான், தேறிவிட்டார் என்று திரும்பிப் போனான், அவன் திரும்பிப் போன அதே வாரத்தில் அப்பா இறந்துவிட்டார். மறுபடி உடனே கிளம்ப வழியில்லை. லிங்க்கில்தான் அப்பாவை அடக்கம் செய்தான்.

அந்த லிங்க்கிலிருந்து யாரோ பிடித்த ஸ்கிரீன்ஷாட்தான் மேஜைமேல் கிடந்தது.

குடும்ப வாட்ஸ்அப்பில் அது சுற்றிய கதையைச் சோஃபியா சொன்னாள். முதலில் போட்டது அப்பாவின் தங்கை, ஜொவிட்டா அத்தை. கூடவே ஒரு வாய்ஸ் மெசேஜ். பெட்டிக்குள் அண்ணன் கிடக்கிறார், மகள் வாட்ச்சைப் பார்க்கிறாள், கொட்டாவி விடுகிறாள், ஒரு சொட்டுக் கண்ணீர் உண்டா பாருங்கள் என்று. அதற்குக் கீழே வரிசையாகக் கை கூப்பும் பொம்மைகள்.

"அத்தை பேசினதுகூடப் பரவால்ல. செல்வம் போன் பண்ணான். 'அக்கா, உனக்கு முடியலன்னா சொல்லியிருக்கலாமே, உன் மூஞ்சியிலயே தெரிஞ்சுதே'ன்னான். அவன் கோபமா பேசல அண்ணா. அன்பா பேசுறான். அதான் பயமா இருக்கு."

"எதுக்கு பயம்?"

"முப்பதாம் நாள் பூசைக்கு வரான். வந்து அம்மாவ பூந்தமல்லி பக்கம் ஒரு முதியோர் ஹோம்ல சேக்கப்போறான். எல்லாம் பேசி முடிச்சிட்டான். எனக்கு விடுதலை குடுக்கறானாம்."

அவள் அம்மா டோரதி டீச்சரை ஃபிரெட்ரிக்குத் தெரியும். பங்கின் பாட்டுக் குழுவை நடத்தியவர். இப்போது சில வருடங்களாக ஞாபகம் இல்லை. கணவர் பெயர் தெரியாது, காலையா மாலையா தெரியாது. தெரிந்தது சோஃபியாவின் குரல் மட்டும். அவள் கை ஊட்டினால்தான் வாய் திறக்கும்.

புது இடத்தில் புது ஆட்கள் கையில் விட்டால் அம்மா சாப்பிடாமலேயே போய்விடுவாள் என்றாள் சோஃபியா. டாக்டரும் அதைத்தான் சொன்னாராம். தம்பியிடம் சொன்னால், நீ களைத்துப்போய்ப் பேசுகிறாய் என்கிறானாம். சொல்லிவிட்டு ஆதாரத்துக்கு இந்தப் படத்தைத் திருப்பி அனுப்புகிறான்.

முப்பதாம் நாள் பூசை முடிந்ததும் பங்கு ஹாலில் ராஜநாயகம் சார் நினைவாக ஒரு படம் போட வேண்டும். ஜொவிட்டா அத்தை ஏற்கெனவே ஃபிரெட்ரிக்கிடம் சொல்லியாகிவிட்டது. உறவு முழுக்க உட்கார்ந்து பார்க்கும். செல்வமும் பார்ப்பான்.

"அதுல நீங்க என்ன காட்டுவீங்களோ, அதவச்சுதான் அவன் முடிவு பண்ணுவான். நான் வாயத் திறந்து சொல்றத யாரும் நம்பறதா இல்ல. நீங்க காட்டினத நம்பிட்டாங்க."

ஃபிரெட்ரிக் கம்ப்யூட்டரைத் தட்டி எழுப்பினான்.

லைவில் போனது அப்படியே இருந்தது. ஓட்டினான். ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடிக்குள் சாரின் முகம். பின்னால் ஜெபமாலை சொல்லும் குரல்கள். வெட்டு. சோஃபியாவின் முகம் திரை நிறைய. மணிக்கட்டைப் பார்க்கிறாள், கண் எங்கோ போகிறது, கொட்டாவி. வெட்டு. மறுபடி சாரின் முகம்.

அவனுக்கே தூக்கிவாரிப் போட்டது.

தனியாக அந்த முகத்தைப் பார்த்தால் ராத்திரி தூங்காத ஒரு பெண். அவ்வளவுதான். ஆனால் அப்பாவின் முகத்துக்கும் அப்பாவின் முகத்துக்கும் நடுவில் செருகிவிட்டதால், இவர் எப்போது போவார் என்று காத்திருக்கும் மகளாகிவிட்டாள். செருகியது யார்? அவன்தான். தாலி ஏறியதும் பெண்ணின் அம்மா முகத்துக்கு வெட்ட வேண்டும். மோதிரம் மாற்றியதும் மாப்பிள்ளையின் அக்கா. கல்யாண வீட்டில் பழகிய கை, சாவு வீட்டிலும் அதே பட்டனைத் தட்டிவிட்டது.

வெளிச்சமும் அவன் வேலைதான். ஃப்ரீசர் பெட்டியின் கண்ணாடியில் விளக்கு பிரதிபலித்தால் உள்ளே இருப்பவர் தெரியமாட்டார். அதனால் எல்.ஈ.டி. விளக்கை எப்போதும் தரையில் வைப்பான். இறந்தவர் முகம் தெளிவாக விழும். உயிரோடு சுற்றி நிற்பவர்கள் முகத்தில் வெளிச்சம் கீழேயிருந்து ஏறும். கீழேயிருந்து ஏறும் வெளிச்சத்தில் பங்குச்சாமியே கொலைகாரன் மாதிரி இருப்பார். கூட்டம் என்பதால் அன்று ஒரு கேமராவைச் சாரின் முகத்துக்கு நேரே ஸ்டாண்டில் மாட்டிவிட்டு, இன்னொன்றோடு அவன் பால்கனியில் நின்று ஜூம் செய்தான். அவ்வளவு தூரத்திலிருந்து இழுத்தால் முகம் மட்டும் நிற்கும். அவளைச் சுற்றி என்ன நடந்தது என்பது கரைந்துபோகும்.

அப்போது கதவை முதுகால் தள்ளிக்கொண்டு கலீமுல்லா வந்தான். ஒரு கையில் டீ பார்சல், இன்னொரு கையில் வடைப் பொட்டலம். ஃபிரெட்ரிக்கின் கூட்டாளி. மூன்றாவது கேமரா அவனுடையது.

"இன்னா நைனா, ரெண்டு பேரும் கோர்ட்டு வாசல்ல குந்திக்கினு கீற மாதிரி கீறீங்க?"

விஷயத்தைச் சொன்னார்கள். கலீமுல்லா டீயைக் கப்பில் ஊற்றி முதலில் சோஃபியாவுக்கு நீட்டினான். அன்று ஸ்டூல் மேல் ஏறி நின்று மொத்த ஹாலையும் ஒரே ஃப்ரேமில் தான் எடுத்து வைத்திருப்பதாகவும், லைவில் போடச் சொல்லி எத்தனை முறை கை காட்டியும் ஃபிரெட்ரிக் கண்டுகொள்ளவில்லை என்றும் சொன்னான். சாவு வீட்டில் வைடு ஷாட் போட்டால் பிளாஸ்டிக் சேரும் செருப்புக் குவியலும்தான் தெரியும் என்று அன்று ஃபிரெட்ரிக் திட்டினானாம்.

"போடுயா அத," என்றான் ஃபிரெட்ரிக்.

வைடு ஷாட் ஓடியது. ஹால் முழுவதும் தெரிந்தது. பெட்டியின் தலைமாட்டில் சோஃபியா, சின்னதாக. சுவரோரம் பெண்கள். வலது ஓரத்தில் உள்ளறையின் கதவு. சோஃபியா மணிக்கட்டைப் பார்க்கிறாள். உடனே கதவைப் பார்க்கிறாள். கொட்டாவி விடுகிறாள். குளோசப் அங்கே முடிந்திருந்தது. வைடு ஷாட் முடியவில்லை.

கதவு திறந்தது. டோரதி டீச்சர் வெளியே வந்தார். கசங்கிய நைட்டி. அவிழ்ந்து தோளில் விழுந்த நரைமுடி. ஒரு காலில் மட்டும் செருப்பு. கூட்டத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்து சிரித்தார். பக்கத்தில் நின்ற பெண்ணிடம் கேட்டது மைக்கில் லேசாக விழுந்திருந்தது. யாருக்குக் கல்யாணம்?

யாரும் முழுசாகத் திரும்புவதற்குள் சோஃபியா அங்கே இருந்தாள். அம்மாவைத் தோளோடு அணைத்து, ஏதோ காதில் சொல்லி, உள்ளே கூட்டிப்போய்க் கதவைச் சாத்தினாள்.

"அம்மாவுக்குக் குடுத்த தூக்க மாத்திரையோட வேகம் எப்ப இறங்கும்னுதான் மணி பாத்துக்கிட்டிருந்தேன்," என்றாள் சோஃபியா.

கலீமுல்லா தொடையில் தட்டினான். "முட்ச்சிது மேட்டரு. இத அப்டியே ஹால்ல போடு நைனா. அத்தக்காரி வாய பூட்டு போட்டுக்கினு போவட்டும்."

"அழிச்சிடுங்க," என்றாள் சோஃபியா.

இருவரும் அவளைப் பார்த்தார்கள்.

"அம்மா கோயிலுக்கு வரும்போது புடவை மடிப்பு கலைஞ்சு ஒருத்தரும் பாத்ததில்ல. அவங்க பாட்டு சொல்லிக் குடுத்த பிள்ளைங்கதான் அந்த ஹால்ல உக்காந்திருக்கும். இந்தக் கோலத்துல அவங்கள பெரிசா காட்டி நான் நல்லவளாகணுமா? அதுவுமில்லாம, இதப் பாத்தா செல்வம் அன்னிக்கே ஹோமுக்கு வண்டி கூப்பிடுவான்."

ஃபிரெட்ரிக் அவள் கண் முன்னாலேயே அந்தக் கோப்பை அழித்தான். கம்ப்யூட்டரின் குப்பைக் கூடையையும் காலி செய்தான். அவளைக் காப்பாற்றக்கூடிய ஒரே ஷாட் அதோடு போய்விட்டது.

அடுத்த சில நாள் ஃபிரெட்ரிக் தனக்குத் தெரிந்ததை எல்லாம் செய்தான். அந்தக் குளோசப்பையே எடுத்துக்கொண்டான். வெள்ளை வெளிச்சத்தின் குளிரைக் கழித்துச் சாயங்கால வெயிலின் மஞ்சளைப் பூசினான். கண்ணுக்கு மேலிருந்த நிழலைத் தூக்கினான். கோடுகளை மழுக்கினான். வேகத்தைக் குறைத்தான். மெதுவாக ஓடியதும் கொட்டாவி மாறிப்போனது. பெண் ஒருத்தி விம்மலை விழுங்கிக்கொண்டிருந்தாள். முன்னால், அப்பாவின் கையைப் பிடித்து நடக்கும் சின்ன வயசுப் போட்டோ. பின்னால், மாலை போட்ட படம். அடியில் வயலின்.

கலீமுல்லா பார்த்துவிட்டு மூக்கை உறிஞ்சினான். அத்தைக்காரியே எழுந்து வந்து கட்டிப்பிடிப்பாள், எழுதி வைத்துக்கொள் என்றான். ஃபிரெட்ரிக்குக் கொஞ்சம் கர்வம்கூட வந்தது. ஒரு முகத்தைக் கெடுத்த கையால் அதைச் சரிசெய்தும் விட்டோமே.

சோஃபியா பள்ளி முடிந்து நேராக வந்திருந்தாள். சேலையில் சாக்பீஸ் தூள். நின்றபடியே பார்த்தாள். முடிந்ததும் இன்னொரு முறை ஓட்டச் சொன்னாள்.

"நல்லா இருக்கு," என்றாள். "ஆனா இதுவும் நான் இல்ல."

"ஏம்மா?"

"எனக்கு அன்னிக்கு அழுகை வரல அண்ணா. சீக்கிரம் முடிஞ்சா கொஞ்ச நேரம் படுக்கலாம்னுதான் இருந்தது. அத்தை போட்ட படம் பொய் இல்ல. அது அசதி. அசதின்னு போட்டிருந்தா நானே லைக் போட்டிருப்பேன். அத அவங்க வெறுப்பாக்கிட்டாங்க. நீங்க அழுகையாக்கறீங்க. அப்பாவுக்கு முன்னாடி எனக்கு ரெண்டும் வேணாம்."

"அப்ப எதத்தான் காட்டறது? வைடு வேணாம், குளோசப் வேணாம், இதுவும் வேணாம்."

"தெரியல," என்றாள். "தெரிஞ்சா நானே எடுத்திருக்க மாட்டேனா?"

படியில் இறங்கும்போது கைப்பிடியை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு இறங்கினாள். எதிர்வீட்டு டயானாதான் அம்மாவைப் பார்த்துக்கொண்டிருக்கிறாள், அவள் பொறுமை தீருவதற்குள் போக வேண்டும் என்றாள்.

ஃபிரெட்ரிக்குக் களைப்பாக இருந்தது. அவளிடமிருந்து தொற்றிக்கொண்டது மாதிரி. சாவு வீட்டில் பிடித்ததில் மிச்சம் இருந்த எல்லாவற்றையும், வெட்டாமல், முதலிலிருந்து ஓடவிட்டான். வேறு வழி இல்லாதவன் செய்யும் காரியம்.

பெட்டிக்குள் சாரின் முகம். மணிக்கணக்காக அதே முகம். அதைப் பார்த்துக்கொண்டே இருந்தவனுக்கு ஒரு சந்தேகம் வந்தது.

முகம் ஏன் இவ்வளவு தெளிவாக இருக்கிறது?

கடற்கரை ஊர்க் காற்று. ஃப்ரீசர் பெட்டிக்கு உள்ளே பனி, வெளியே புழுக்கம். கண்ணாடி மேல் ஆவி படிந்துகொண்டே இருக்கும். கொஞ்ச நேரம் விட்டால் உள்ளே இருப்பவர் வெறும் வெள்ளைப் புகை. ஒவ்வொரு சாவு வீட்டிலும் அவன் கத்த வேண்டியிருக்கும். யாராவது கண்ணாடியைத் துடையுங்களேன், லைவில் தெரியவில்லை என்று. ராஜநாயகம் சார் வீட்டில் ஒரு தடவைகூடக் கத்தவில்லை. ஏன் கத்தவில்லை என்று அன்று யோசிக்கவும் இல்லை.

ஓட்டத்தை மெதுவாக்கினான்.

ஃப்ரேமின் ஓரத்திலிருந்து ஒரு கை வந்தது. மடித்த வெள்ளைத் துண்டு. கண்ணாடியை நெற்றியிலிருந்து நெஞ்சு வரை ஒரே இழுப்பாகத் துடைத்தது. போய்விட்டது. லைவில் அந்த இடத்தில் அவன் வேறு கேமராவுக்கு வெட்டியிருந்தான். கை குறுக்கே வந்தால் ஷாட் கெட்டது. கை வரும்போதெல்லாம் வெட்டியிருந்தான். தோஹாவும் டொராண்டோவும் மெல்போர்னும் பார்த்தது சாரின் தெளிவான முகத்தை மட்டும். அது தெளிவாக இருந்த காரணத்தை அவன் காட்டவே இல்லை.

கழித்துப் போட்ட அந்தத் துண்டுகளை எல்லாம் பொறுக்கி எடுத்தான். ஒட்டினான்.

ஜன்னல் வழியே காலை வெளிச்சம். கை வந்து துடைத்தது. வெயில் ஏறி கண்ணாடியில் கிரில் கம்பிகளின் நிழல். கை வந்து துடைத்தது. மேகம் கவிந்து ஹால் சாம்பலானது. கை வந்து துடைத்தது. டியூப்லைட். பிறகு தரையில் அவன் வைத்த அந்த விளக்கு. அப்போதும் அதே கை. மத்தியானத்துக்கு மேல் இழுப்பு நேராக இல்லை, கோணிக்கொண்டு போனது. ஓரிடத்தில் துடைத்துவிட்டுக் கை கண்ணாடி மேலேயே கிடந்தது, எடுக்கத் தெம்பில்லாதது மாதிரி. பிறகு எழுந்தது.

வயலின் வேண்டாம் என்று முடிவு செய்தான். ஜெபமாலையும் ஃபேனும் யாரோ இருமுவதும் போதும். முகம் எங்கும் வைக்கவில்லை. அவள் முகத்தைத் தொடவே அவனுக்குப் பயமாகிவிட்டது.

சோஃபியாவுக்கு அதை அனுப்பினான். வெகுநேரம் கழித்துப் பதில் வந்தது. இது இருக்கட்டும்.

சனிக்கிழமை சாயங்காலம் பூசை முடிந்தது. சாந்தோம் பக்கமிருந்த பங்கு ஹாலில் கட்லெட்டும் காபியும் கொடுத்தார்கள். மின்விசிறிகள் திரைச்சீலையைப் படபடவென்று அடித்தன. செல்வம் முன்வரிசையில் இருந்தான். உயரமான ஆள், இரண்டு நாள் தாடி, விமானத் தூக்கம் கலையாத கண். பக்கத்தில் ஜொவிட்டா அத்தை, பட்டுப்புடவையில், கைக்குட்டையோடு தயாராக. சோஃபியா கடைசி வரிசையில், சுவரோரமாக.

விளக்கை அணைத்துவிட்டு ஃபிரெட்ரிக் படத்தை ஓடவிட்டான்.

முதலில் போட்டோக்கள். பள்ளி ஆண்டு விழா, சாருக்குப் பொன்னாடை. உச்சுக்கொட்டல்கள். பிறகு பெட்டி. சாரின் முகம். கை வந்தது, துடைத்தது, போனது. மறுபடி வந்தது. மறுபடி. ஹால் அடங்கியது. அந்த நிசப்தம் ஃபிரெட்ரிக்குத் தெரிந்த நிசப்தம்தான். பிடித்துவிட்டது என்று நினைத்தான்.

அப்போது ஜொவிட்டா அத்தையின் குரல் கேட்டது, தெளிவாக.

"யாரு கை அது? பெட்டி வாடகைக்குக் குடுத்தானே, அவனா?"

"அப்டித்தான் இருக்கும், நல்ல ஆளா போட்டிருக்காங்க," என்றது இன்னொரு குரல்.

நாலைந்து பேர் மெல்லச் சிரித்தார்கள். முகத்தைக் காட்டியது ஒரு தப்பு என்றால், ஒரேயடியாக மறைத்தது இன்னொரு தப்பு. தோளும் கையும் சேர்ந்து தெரிகிற ஒரு ஷாட், ஒரே ஒன்று வைத்திருந்தால் போதும். வைக்கவில்லை. கடைசி வரிசையைப் பார்த்தான். சோஃபியா அசையவில்லை. எழுந்து, அது என் கைதான் என்று சொல்லப்போவதும் இல்லை.

கலீமுல்லா அவன் காதருகே குனிந்தான். "கைக்கு கீழ பேரு போட்ருக்கலாம் நைனா."

படம் ஓடிக்கொண்டே இருந்தது. இன்னும் கொஞ்சம்தான். செல்வம் எழுந்தான்.

வெளியே போகிறான் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். அவன் திரையை நோக்கிப் போனான். புரொஜெக்டர் வெளிச்சம் அவன் முதுகில் விழுந்து, அப்பாவின் முகத்தில் பாதி அவன் சட்டையில் தெரிந்தது.

"கொஞ்சம் நிறுத்துங்க."

ஃபிரெட்ரிக் நிறுத்தினான். கண்ணாடி மேல் கை கிடந்த இடம். தரை விளக்கின் வெளிச்சம் கீழேயிருந்து ஏறி, மணிக்கட்டில் இருந்த ஸ்டீல் பட்டையில் பளிச்சென்று நின்றது. ஆண்கள் கட்டும் வாட்ச். அந்தக் கைக்குப் பெரியது. தொளதொளவென்று முழங்கைப் பக்கம் சரிந்திருந்தது.

செல்வம் இன்னும் கிட்டே போய்ப் பார்த்தான்.

"இது அப்பா வாட்ச்சு. என் மொத சம்பளத்துல வாங்கிக் குடுத்தது." திரும்பி இருட்டில் தேடினான். "அக்கா?"

"ஆஸ்பத்திரியில கழட்டிக் குடுத்தாங்க," என்றாள் சோஃபியா, இருந்த இடத்திலிருந்தே. "வைக்க எடம் தெரியல. கையில போட்டுக்கிட்டேன்."

ஜொவிட்டா அத்தை கைக்குட்டையை விரித்து, மடித்து, மறுபடி விரித்தார். மிச்சப் படம் ஓடி முடிந்தது. விளக்கு போட்டார்கள்.

கூட்டம் கலைகிற நேரத்தில் செல்வம் ஃபிரெட்ரிக்கிடம் வந்தான். அன்று எடுத்தது முழுசாக இருக்கிறதா, அக்கா வாட்ச்சைப் பார்த்த இடத்தில் அப்புறம் என்ன நடந்தது என்று கேட்டான். கலீமுல்லா கேபிள் சுற்றுவதை நிறுத்திவிட்டு ஃபிரெட்ரிக்கின் முகத்தைப் பார்த்தான்.

"இருக்கறது இவ்வளவுதான் தம்பி."

"அக்கா எதுக்கு மணி பாத்தான்னு உங்களுக்குத் தெரியுமா?"

"அவங்களையே கேளுங்க. என்னைக் கேட்டா நான் ஒரு ஆங்கிள்ல சொல்லுவேன். முன்னாடி அப்படிச் சொல்லித்தான் இவ்வளவும் ஆச்சு."

செல்வம் கடைசி வரிசைக்குப் போனான். ஒரு நாற்காலியைத் திருப்பிப் போட்டு அக்கா எதிரில் உட்கார்ந்தான். ஃபிரெட்ரிக்குப் பாதிதான் காதில் விழுந்தது. சோஃபியா சொல்லச் சொல்ல அவன் தலை குனிந்துகொண்டே போனது. மாத்திரை, கதவு, நைட்டி, கல்யாணம். எந்த ஷாட்டும் இல்லாமல், வெறும் வாயால் சொன்னாள். இந்த முறை அவன் கேட்டான்.

பேசி முடித்து வாட்ச்சைக் கழற்றி அவன் உள்ளங்கையில் வைத்தாள்.

"ஏழரைக்கு வெள்ளை மாத்திரை. பால்ல கலக்காத, துப்பிடுவாங்க. வாழைப்பழத்துல வச்சுக் குடு. விரல கடிப்பாங்க, கைய இழுத்துடாத. பாட்டு ஏதாவது முனகு. உன் குரல் என் குரல் மாதிரிதான்னு அப்பா சொல்லுவாரு, பாப்போம்."

"நான் யாருன்னு கேட்டா?"

"கேப்பாங்க. தினமும் கேப்பாங்க. சொல்லு."

"சரி."

"பூந்தமல்லி?"

செல்வம் வாட்ச்சைக் கையில் கட்டிக்கொண்டே சொன்னான். "அங்க போகல. வேணாம்னு காலையில போன் பண்ணிடறேன். எனக்கு லீவ் எத்தனை நாள் நீட்டிப்பாங்கன்னு தெரியல. அதுவரைக்கும் நான் கத்துக்கறேன். அப்புறம் ஆள் வச்சுக்கலாம், வீட்டுலயே."

அவள் தலையசைத்தாளா இல்லையா என்று தெரியவில்லை. டயானாவிடம் விட்டுவந்த அம்மாவைப் பார்த்துக்கொள்ள அவன் ஆட்டோ பிடித்துக் கோட்டூர்புரம் போனான். கிளம்பும்போது ஹால் வாசலில் ஜொவிட்டா அத்தை ஏதோ கேட்கப் போனார். மாத்திரை நேரம் அத்தை, அப்புறம் பேசலாம் என்று நடந்துகொண்டே சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

ஹால் காலியாகியிருந்தது. காபி டம்ளர்களை யாரோ குப்பைத்தொட்டியில் கொட்டும் சத்தம். ஃபிரெட்ரிக் குரூப் போட்டோவுக்காகத் தரையில் வைத்திருந்த எல்.ஈ.டி. விளக்கு இன்னும் எரிந்துகொண்டிருந்தது. அதை எடுக்கக் குனிந்தவன் நிமிர்ந்து பார்த்தான்.

சோஃபியா சுவரில் தலையைச் சாய்த்துத் தூங்கிப்போயிருந்தாள். வாய் பாதி திறந்திருந்தது. தாடைக்குக் கீழேயிருந்து வெளிச்சம் ஏறியது. கண்ணுக்கு மேலே நிழல். மூக்குக்கு இரண்டு பக்கமும் கோடு. அச்சு அசலாக அந்த ஸ்கிரீன்ஷாட்.

ஃபிரெட்ரிக் விளக்கை அணைத்தான். பிறகு சுவருக்குப் போய், அவள் தலைக்கு மேலிருந்த டியூப்லைட்டையும் அணைத்தான்.

"நைனா," என்றான் கலீமுல்லா இருட்டிலிருந்து, குரலைத் தாழ்த்தி. "லென்சு மூடி எங்க கீதுன்னே தெர்ல. இருட்ல எப்டி மூட்ட கட்றது?"

"கட்ட வேணாம் பாய். கொஞ்ச நேரம் உக்காரு."